537 வாக்கு: 2000ஆம் ஆண்டில் ஃபுளோரிடா யாரைத் தேர்ந்தெடுத்தது?

ஏறத்தாழ 60 லட்சம் பேர் வாக்களித்த ஒரு மாநிலத்தில், முதலிடத்துக்கும் இரண்டாம் இடத்துக்கும் நடுவே 537 வாக்கு. கல்யாண மண்டபத்தில் இரண்டு மூன்று பந்தியில் சாப்பிட்டு முடித்துவிடுகிற கூட்டம்தான் அது. 2000ஆம் ஆண்டு அமெரிக்க அதிபர் தேர்தலில் ஜார்ஜ் டபிள்யூ. புஷ் ஜெயித்ததும் ஆல் கோர் தோற்றதும் ஃபுளோரிடாவின் இந்த 537இல்தான்.

அப்படித்தான் எல்லோரும் சொல்கிறார்கள். கணக்கும் அப்படித்தான் இருக்கிறது: புஷ் 29,12,790, கோர் 29,12,253. ஆனால் அந்த 537 மக்கள் மனதில் இருந்த வித்தியாசமா, எண்ணிய கருவியில் இருந்த வித்தியாசமா என்பதை யாராலும் பிரித்துச் சொல்ல முடியவில்லை. புளிமூட்டை நிறுக்கிற தராசில் தங்கத்தை நிறுத்துவிட்டு, ‘இது அரைக் குண்டுமணி கூடுதல்’ என்று தீர்ப்புச் சொன்னால் எப்படி இருக்கும்? நடந்தது ஏறக்குறைய அதுதான்.

முதலில், ஒரே ஒரு மாநிலத்தின் சில நூறு வாக்கில் ஒரு நாட்டின் தலைமை எப்படித் தொங்க முடியும் என்ற கேள்வியை முடித்துவிடலாம்.

அமெரிக்கர்கள் அதிபரை நேரடியாகத் தேர்ந்தெடுப்பதில்லை. ஒவ்வொரு மாநிலமும் சில தேர்வாளர்களைத் தேர்ந்தெடுத்து அனுப்புகிறது. அந்தத் தேர்வாளர்கள் போடும் வாக்குதான் அதிபரை முடிவு செய்கிறது. ஒரு மாநிலத்துக்கு எத்தனை தேர்வாளர்? அந்த மாநிலத்துக்குக் கீழ்ச்சபையில் எத்தனை உறுப்பினரோ அத்தனை, மேல்சபையான செனட்டில் இருக்கும் இரண்டு பேருக்காக இன்னும் இரண்டு. 2000இல் ஃபுளோரிடாவுக்கு 23 கீழ்ச்சபை உறுப்பினர்கள். ஆக 25 தேர்வாளர்கள். நாடு முழுக்கத் தலைநகர் வாஷிங்டனுக்கான 3 பேரையும் சேர்த்து 538. பாதியைத் தாண்ட 270 வேண்டும்.

இதில் முக்கியமான முடிச்சு ஒன்று உண்டு. மெய்ன், நெப்ராஸ்கா என்ற இரண்டு மாநிலங்களை விட்டுவிட்டால், மற்ற எல்லா இடத்திலும் முதலில் வருபவருக்கே மொத்தத் தேர்வாளர்களும் போய்விடுவார்கள். பத்து லட்சம் வாக்கில் ஜெயித்தாலும் 25தான், பத்து வாக்கில் ஜெயித்தாலும் 25தான். தோற்றவருக்குப் பூஜ்யம்.

வாலிபால் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். முதல் இரண்டு செட்டை 25–10, 25–12 என்று ஓர் அணி அள்ளிக்கொள்கிறது. அடுத்த மூன்றை 23–25, 23–25, 13–15 என்று விடுகிறது. மொத்தப் புள்ளியைக் கூட்டினால் 109க்கு 87. ஆனால் ஆட்டம் போச்சு. செட்டைத்தான் எண்ணுவார்கள், புள்ளியை அல்ல. 2000இல் கோருக்கு நேர்ந்தது இதுவே. நாடு முழுவதும் அவருக்குப் புஷ்ஷைவிட 5 லட்சத்து 43 ஆயிரத்துச் சொச்சம் வாக்கு அதிகம். 1888க்குப் பிறகு, மொத்த வாக்கில் பின்தங்கியவர் அதிபரானது அப்போதுதான்.

சரி, ஏன் ஃபுளோரிடா? மற்ற எல்லா மாநிலங்களின் கணக்கையும் போட்டுப் பார்த்தால் கோரிடம் 267, புஷ்ஷிடம் 246. இருவருக்கும் 270 இல்லை. மிச்சம் இருக்கிற 25 யாருக்குப் போகிறதோ அவர்தான் அதிபர். என்பிசி தொலைக்காட்சியின் டிம் ரஸ்ஸர்ட் தேர்தல் நாள் இரவு சின்ன வெள்ளைப் பலகையில் ஃபுளோரிடாவின் பெயரையே மூன்று முறை எழுதிக் காட்டினார். அது அமெரிக்கத் தொலைக்காட்சி வரலாற்றில் நிலைத்துவிட்ட படம்.

இங்கே பலர் கவனிக்காத ஒன்று: அந்தத் தேர்தலில் மிகக் குறைந்த வாக்கில் முடிவான மாநிலம் ஃபுளோரிடா இல்லை. நியூ மெக்சிகோவில் கோர் ஜெயித்தது 366 வாக்கில். அங்கே கேமராக்கள் படையெடுக்கவில்லை. காரணம், நியூ மெக்சிகோவின் 5 தேர்வாளர்கள் எந்தப் பக்கம் போனாலும் இருவருமே ஃபுளோரிடா இல்லாமல் 270ஐத் தொட முடியாது.

நவம்பர் 7 இரவு தொலைக்காட்சிகள் செய்த கூத்தைத் தனியாகவே எழுதலாம். ஃபுளோரிடாவின் வரைபடத்தைப் பார்த்தால் மேற்கே வாணலியின் கைப்பிடி மாதிரி ஒரு பகுதி நீண்டிருக்கும். அந்தப் பகுதியின் கடிகாரம் மற்ற பகுதியைவிட ஒரு மணி நேரம் பின்னால். அங்கே வாக்குச்சாவடி மூடும் முன்பே, எட்டு மணி அடிக்கப் பத்து நிமிடம் இருக்கும்போது, ‘ஃபுளோரிடா கோருக்கு’ என்று அறிவித்துவிட்டார்கள். பத்து மணிவாக்கில் அதைத் திரும்பப் பெற்றார்கள். நள்ளிரவு தாண்டி இரண்டேகால் மணிக்கு, ‘இல்லை, புஷ்ஷுக்குத்தான்’ என்றார்கள். கோர் புஷ்ஷைத் தொலைபேசியில் அழைத்துத் தோல்வியை ஒப்புக்கொண்டார். ஆதரவாளர்களிடம் பேசக் கிளம்பியவரிடம், வித்தியாசம் மளமளவென்று குறைகிறது என்று யாரோ ஓடிவந்து சொல்ல, மறுபடி அழைத்து, ஒப்புக்கொண்டதை வாபஸ் வாங்கிக்கொண்டார். விடிந்தபோது ஃபுளோரிடா யாருக்கும் இல்லாமல் நின்றது.

முதல் கணக்கில் புஷ் 1,784 வாக்கு முன்னால் இருந்தார். வித்தியாசம் அரை சதவீதமோ அதற்கும் குறைவோ என்றால் தானாகவே மறுபடி எண்ண வேண்டும் என்பது ஃபுளோரிடாவின் சட்டம். இயந்திரத்தில் மறுபடி ஓட்டினார்கள். 1,784 இருந்தது 300 சொச்சத்துக்கு இறங்கிவிட்டது. அதே சீட்டு, அதே மக்கள். இரண்டாம் முறை எண்ணியதில் மட்டும் ஆயிரத்துக்கும் மேல் மாறுகிறது என்றால், தராசைச் சந்தேகிக்காமல் வேறு எதைச் சந்தேகிப்பது?

அந்தத் தராசைக் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்ப்போம். கதையின் சதையே இதில்தான் இருக்கிறது.

ஃபுளோரிடாவின் பெரிய கவுண்டிகள் பலவற்றில் அப்போது துளை அட்டை முறை இருந்தது. (கவுண்டி என்பதை நம் மாவட்டம் என்று வைத்துக்கொள்ளலாம். ஃபுளோரிடாவில் 67 உண்டு.) வாக்காளரிடம் ஓர் அட்டை கொடுப்பார்கள். அதில் வேட்பாளர் பெயர் எதுவும் இருக்காது. எண்ணிட்ட சின்னஞ்சிறு கட்டங்கள் மட்டும் இருக்கும். அட்டையை ஒரு சட்டத்துக்குள் செருகினால், மேலே இருக்கும் புத்தகம் போன்ற பக்கங்களில் பெயர்கள் தெரியும். பெயருக்கு நேரே இருக்கும் துளையில் கம்பி மாதிரி ஒரு குத்தூசியை விட்டு அழுத்த வேண்டும். அட்டையிலிருந்து கட்டம் பெயர்ந்து கீழே விழும். அட்டையை எண்ணும் இயந்திரம் அந்த ஓட்டை வழியே வரும் வெளிச்சத்தைப் பார்த்து வாக்கைப் பதிவு செய்யும்.

பெயர்ந்து விழும் அந்தத் துணுக்குக்குப் பெயர் ‘சாட்’. அதுவரை அமெரிக்கர்களிலேயே பெரும்பாலோர் கேள்விப்படாத சொல். சில வாரங்களில் டீக்கடைப் பேச்சு மாதிரி ஆகிவிட்டது.

சாட் முழுதாக விழுந்துவிட்டால் பிரச்சினை இல்லை. ஆனால் கை நடுங்கும் முதியவர் மெல்ல அழுத்தினால்? முன்னால் வாக்களித்தவர்களின் துணுக்குகள் இயந்திரத்தின் அடியில் குவிந்து கிடந்து தடுத்தால்? ஒரு மூலையில் மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தால் அது தொங்கும் சாட். இரண்டு மூலையில் ஒட்டியிருந்தால் ஊசலாடும் சாட். எந்த மூலையும் பிரியாமல், அழுத்திய இடம் மட்டும் புடைத்துக்கொண்டிருந்தால் அதற்கு அவர்கள் வைத்த பெயரைத் தமிழில் பிள்ளைத்தாச்சி சாட் என்றுதான் சொல்ல வேண்டும். தொங்கும் துணுக்கு ஓட்டையை மூடிக்கொண்டால் இயந்திரத்தின் கணக்கில் அந்த வாக்காளர் அதிபர் பதவிக்கு வாக்கே போடவில்லை. மறுபடி இயந்திரத்தில் ஓட்டும்போது துணுக்கு உதிர்ந்துவிட்டால், திடீரென்று அவர் வாக்களித்தவர் ஆகிவிடுவார். எண்ணிக்கை ஏன் ஒவ்வொரு முறையும் மாறியது என்பதற்கு இது ஒரு காரணம்.

ஃபுளோரிடா சட்டம், வாக்காளரின் எண்ணம் தெளிவாகத் தெரிந்தால் வாக்கை எண்ண வேண்டும் என்று சொன்னது. நல்ல சட்டம்தான். ஆனால் புடைப்பு எண்ணமா, இல்லையா? ஒரு கவுண்டியில் எண்ணம் என்றார்கள், பக்கத்துக் கவுண்டியில் இல்லை என்றார்கள். அதிகாரி ஒருவர் அட்டையைத் தூக்கிப் பிடித்து, உருப்பெருக்கிக் கண்ணாடிக்குப் பின்னால் கண்ணை உருட்டிப் பார்க்கும் புகைப்படம் உலகம் முழுக்கப் பத்திரிகைகளில் வந்தது. உலகின் பலம் வாய்ந்த பதவிக்கு ஆள் எடுக்கும் முறை இதுதானா என்று உலகமே வேடிக்கை பார்த்தது.

அப்புறம் பாம் பீச் கவுண்டியின் பட்டாம்பூச்சிச் சீட்டு.

அந்தக் கவுண்டியின் தேர்தல் அதிகாரி தெரசா லெபோர். ஜனநாயகக் கட்சிக்காரராகப் பதிவு செய்திருந்தவர், அதாவது கோரின் கட்சி. அந்த ஆண்டு சீட்டில் பத்து வேட்பாளர்கள். எல்லோரையும் ஒரே பக்கத்தில் அடைத்தால் எழுத்து பொடிப்பொடியாகிவிடும், முதியவர்கள் நிறைய இருக்கும் ஊரில் அவர்களால் வாசிக்க முடியாதே என்று யோசித்தார். எழுத்தைப் பெரிதாக்கி, பெயர்களை இடப்பக்கமும் வலப்பக்கமும் பிரித்துப் போட்டார். துளைகள் நடுவில் ஒரே வரிசையில். விரித்த இறக்கையும் நடுவில் உடம்பும் போலத் தெரிந்ததால் பட்டாம்பூச்சி.

இடப்பக்கம் முதலில் புஷ், அடுத்து கோர். வலப்பக்கம் முதலில் சீர்திருத்தக் கட்சியின் பேட் புக்கானன். நடுவே இருக்கும் துளைகளில் முதலாவது புஷ்ஷுக்கு, இரண்டாவது புக்கானனுக்கு, மூன்றாவதுதான் கோருக்கு. இடப்பக்கத்தை மட்டும் பார்த்து, ‘கோர் இரண்டாவது பெயர், ஆகவே இரண்டாவது துளை’ என்று குத்தியவரின் வாக்கு புக்கானனுக்குப் போனது. குத்திய பிறகு தவறை உணர்ந்து மூன்றாவதையும் குத்தியவரின் வாக்கு செல்லாமல் போனது. சும்மா இருந்த அட்டையை முதியவர்களுக்கு உதவப்போய் மாற்றினார், அந்த உதவியே அவர்களைக் கவிழ்த்துவிட்டது. இந்தத் தேர்தலில் எனக்கு உண்மையிலேயே மனம் கனக்கிற இடம் இது. சதி என்று சொல்ல இங்கே ஒன்றும் இல்லை. நல்ல எண்ணமும் கவனிக்காத ஒரு கோணமும்தான்.

புக்கானனுக்கு ஃபுளோரிடா முழுக்கக் கிடைத்தது 17,484. அதில் 3,407 இந்த ஒரே கவுண்டியில், கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு. பாம் பீச்சில் ஓய்வுபெற்ற யூதர்கள் ஏராளம். கோரின் துணை அதிபர் வேட்பாளர் ஜோ லிபர்மன், பெரிய கட்சி ஒன்று அந்த இடத்தில் நிறுத்திய முதல் யூதர். புக்கானனோ யூத வெறுப்புக் குற்றச்சாட்டுக்கு ஆளானவர். அந்த முதியவர்கள் தேடிப்போய்ப் புக்கானனுக்குக் குத்தினார்கள் என்பதைப் புக்கானனே நம்பவில்லை. அந்த வாக்கில் பெரும்பகுதி தனக்கானதாக இருக்காது என்று தொலைக்காட்சியில் வெளிப்படையாகச் சொன்னார். இதே கவுண்டியில் இரண்டு துளை குத்திச் செல்லாமல் போனவை 19,000க்கும் மேல். 537ஐப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

டுவால் கவுண்டியில் இன்னொரு விதமான சோகம். அங்கே வேட்பாளர் பட்டியல் இரண்டு பக்கங்களில் அடுத்தடுத்து வந்தது. ஒவ்வொரு பக்கத்திலும் வாக்களியுங்கள் என்று மாதிரிச் சீட்டு சொன்னது. சொன்னபடி கேட்டு, பக்கத்துக்கு ஒருவராக இரண்டு பேருக்குக் குத்தியவர்களின் வாக்கு செல்லாமல் போனது. இருபதாயிரத்துக்கும் மேல். ஜாக்சன்வில் நகரின் கறுப்பின மக்கள் வாழும் பகுதிகளில் இது அதிகம்.

கறுப்பின மக்களுக்கு அடி இந்த ஒரு வழியில் மட்டும் விழவில்லை. குற்றத் தண்டனை பெற்றவர்களின் வாக்குரிமையைப் பறிக்கும் சட்டம் ஃபுளோரிடாவில் இருந்தது. அவர்களைப் பட்டியலிலிருந்து நீக்கும் வேலைக்காகத் தனியார் நிறுவனம் தயாரித்துக் கொடுத்த பெயர்களில், பெயர் கொஞ்சம் ஒத்துப்போனதற்காகவே சேர்க்கப்பட்ட அப்பாவிகளும் இருந்தார்கள். அமெரிக்கக் குடிமை உரிமைகள் ஆணையம் 2001இல் வெளியிட்ட அறிக்கை, வெள்ளையரோடு ஒப்பிட்டால் கறுப்பினத்தவரின் சீட்டு நிராகரிக்கப்பட ஏறக்குறைய பத்து மடங்கு வாய்ப்பு இருந்தது என்றது.

இதையெல்லாம் மேற்பார்வை செய்யப் பொதுவான ஓர் அமைப்பு இல்லையா என்று நம் வாசகர்கள் கேட்பார்கள். இல்லை. இந்தியத் தேர்தல் ஆணையம் மாதிரி நாடு முழுவதற்கும் தேர்தல் நடத்தும் ஓர் அமைப்பு அங்கே கிடையாது. சீட்டின் வடிவம், இயந்திரம், எண்ணும் முறை எல்லாம் மாநிலத்துக்கு மாநிலம், கவுண்டிக்குக் கவுண்டி வேறு. முடிவுக்குச் சான்று கொடுக்க வேண்டியவர் மாநிலச் செயலர் கேத்தரின் ஹாரிஸ். அவரே ஃபுளோரிடாவில் புஷ்ஷின் பிரசாரக் குழுவுக்கு இணைத்தலைவர். மாநில ஆளுநர் ஜெப் புஷ், வேட்பாளரின் சொந்தத் தம்பி. அம்பயரும் ஆட்டக்காரரும் ஒரே வீட்டுக்காரர்கள் என்றால் தீர்ப்பு சரியாகவே இருந்தாலும் எதிரணி நம்பாது.

அடுத்து வந்த வாரங்களை வேகமாகவே கடக்கலாம், ஏனென்றால் வழக்கறிஞர்களின் கதை அது. கோர் தரப்பு பாம் பீச், பிரோவர்ட், மியாமி-டேட், வலூசியா ஆகிய நான்கு கவுண்டிகளில் மட்டும் கையால் எண்ணச் சொன்னது. நான்குமே தங்களுக்கு வாக்கு அதிகம் உள்ள இடங்கள். (இந்தச் சாமர்த்தியத்துக்குப் பின்னால் வருகிறேன்.) வெளிநாட்டிலிருந்து வந்த தபால் வாக்குகளால் புஷ்ஷின் முன்னிலை 930க்கு ஏறியது. மியாமி-டேடில் எண்ணும் இடத்தில் ஆர்ப்பாட்டம் வெடித்த அன்றே எண்ணிக்கை நின்றுபோனது. பாம் பீச் கெடுவுக்கு இரண்டு மணி நேரம் பிந்தி முடித்தது, அதை ஹாரிஸ் ஏற்கவில்லை. நவம்பர் 26 அன்று 537 என்று சான்றளித்தார்.

டிசம்பர் 8 அன்று ஃபுளோரிடா உச்ச நீதிமன்றம், இயந்திரம் ‘வாக்கே இல்லை’ என்று ஒதுக்கிய சீட்டுகளை மாநிலம் முழுக்கக் கையால் எண்ணச் சொன்னது. நாலுக்கு மூன்று தீர்ப்பு. மறுநாளே அமெரிக்க உச்ச நீதிமன்றம் எண்ணுவதை நிறுத்தி வைத்தது, ஐந்துக்கு நாலு. டிசம்பர் 12இல் இறுதித் தீர்ப்பு. கவுண்டிக்குக் கவுண்டி அளவுகோல் மாறினால் வாக்காளர்கள் சமமாக நடத்தப்படவில்லை என்று ஏழு நீதிபதிகள் கருதினார்கள். அளவுகோலைச் சரிசெய்து எண்ண இனி நேரமில்லை என்று ஐந்து பேர் சொன்னார்கள். அந்த ஐந்து பேர் சொன்னது நின்றது. இந்தத் தீர்ப்பு இந்தச் சூழலுக்கு மட்டுமே என்றும் தீர்ப்பிலேயே எழுதி வைத்தார்கள். அடுத்தநாள் கோர் விலகிக்கொண்டார். 36 நாள் முடிந்தது.

எல்லாவற்றையும் ஒழுங்காக எண்ணியிருந்தால் யார் ஜெயித்திருப்பார்?

பெரிய பத்திரிகைகள் கூட்டாகப் பணம் போட்டு, சிகாகோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வு மையம் ஒன்றிடம் இந்த வேலையைக் கொடுத்தன. இயந்திரங்கள் ஒதுக்கிய சுமார் 1,75,000 சீட்டுகளை அவர்கள் ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள். 2001 நவம்பரில் வந்த முடிவு யாருக்கும் முழு நிம்மதி தரவில்லை. கோர் கேட்ட அந்த நான்கு கவுண்டிகளில் மட்டும் எண்ணியிருந்தால் புஷ்தான் ஜெயித்திருப்பார். மாநிலம் முழுவதும் ஒதுக்கப்பட்ட எல்லாச் சீட்டையும், இரண்டு பேருக்குக் குறியிட்டவை உட்படப் பார்த்திருந்தால் கோர் மயிரிழையில் முந்தியிருப்பார், இருநூறுக்கும் குறைவான வாக்கில். அப்படி எண்ணச் சொல்லி இரு தரப்பில் யாரும் நீதிமன்றத்தில் கேட்கவில்லை. தனக்குச் சாதகமான இடத்தில் மட்டும் எண்ணச் சொன்ன கோரின் சாமர்த்தியம் அவருக்கே உதவாமல் போயிருக்கும் என்பது இதில் வரும் கசப்பான வேடிக்கை. பட்டாம்பூச்சிச் சீட்டால் புக்கானனுக்குப் போன வாக்கை இந்த ஆய்வும் திருப்பித் தர முடியாது. ஓட்டை விழுந்தது விழுந்ததுதான்.

இவ்வளவு சின்ன வித்தியாசத்தில் ‘இதனால்தான் தோற்றார்’ என்று எதை வேண்டுமானாலும் காட்டலாம். பசுமைக் கட்சியின் ரால்ஃப் நேடர் ஃபுளோரிடாவில் 97,488 வாக்கு வாங்கினார். அவர்தான் கோரைக் கவிழ்த்தார் என்று ஜனநாயகக் கட்சியில் இன்றும் கோபப்படுபவர்கள் உண்டு. ஆனால் அந்தச் சீட்டில் இருந்த எட்டுச் சின்ன வேட்பாளர்களில் கடைசியில் வந்தவருக்குக்கூட 562 வாக்கு! கோர் தன் சொந்த மாநிலமான டென்னசியை ஜெயித்திருந்தால் 11 தேர்வாளர்கள் கிடைத்து, ஃபுளோரிடாவின் வாடையே இல்லாமல் அதிபராகியிருப்பார். அங்கே தோற்றார்.

2002இல் அமெரிக்க நாடாளுமன்றம் ஒரு சட்டம் போட்டு, துளை அட்டை இயந்திரங்களை மாற்ற மாநிலங்களுக்குப் பணம் கொடுத்தது. ஃபுளோரிடா தொடுதிரைக்குப் போய்ப் பார்த்து, அதிலும் நம்பிக்கை இல்லாமல், தாளில் குறியிட்டு ஒளியால் வாசிக்கும் முறைக்குத் திரும்பியது.

அதற்கு முன்பே, 2001 ஜனவரி 6 அன்று, தேர்வாளர்களின் வாக்கை எண்ண இரு சபைகளும் கூடின. அந்தக் கூட்டத்துக்குத் தலைமை தாங்க வேண்டியவர் துணை அதிபர். அப்போதைய துணை அதிபர் ஆல் கோர். ஃபுளோரிடாவின் வாக்கை ஏற்கக் கூடாது என்று கறுப்பின உறுப்பினர்கள் ஒருவர் பின் ஒருவராக எழுந்தார்கள். ஒரு செனட் உறுப்பினரின் கையெழுத்தாவது இல்லாமல் ஆட்சேபம் செல்லாது என்பது விதி. ஒருவரும் கையெழுத்துப் போடவில்லை. தனக்காக எழுந்தவர்களைக் கோரே ஒவ்வொருவராக உட்காரச் சொன்னார். பிறகு முடிவை வாசித்தார்: புஷ் 271, கோர் 266.

267 இல்லையா என்று கேட்கலாம். வாஷிங்டன் நகரத்துத் தேர்வாளர் ஒருவர், தங்கள் நகரத்துக்கு நாடாளுமன்றத்தில் வாக்குரிமை இல்லாததைக் கண்டித்து, தன் சீட்டை வெறுமையாகவே கொடுத்திருந்தார்.